பிள்ளைப்பேறும் மருந்துக் கிடங்கும்

ஐ.நா. வளர்ச்சித் திட்டம் 2024இல் வெளியிட்ட மனித வளர்ச்சிப் பட்டியலில் இலங்கைக்கு 78ஆவது இடம், இந்தியாவுக்கு 134ஆவது இடம். அந்தப் பட்டியல் 2022ஆம் ஆண்டின் கணக்கை வைத்துப் போட்டது. வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று இலங்கை அறிவித்ததும், எரிவாயுவுக்கும் பெட்ரோலுக்கும் மக்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றதும் அதே ஆண்டில்தான். அப்படிப்பட்ட ஆண்டிலும் அந்த நாடு நம்மைவிட 56 இடம் மேலே இருந்திருக்கிறது. இதைக் காட்டி நம்மைக் குறைத்துப் பேசுவோரும் உண்டு, பட்டியலே பொய் என்று தள்ளுவோரும் உண்டு. இரண்டு பேச்சாலும் பயன் இல்லை. உத்தரப்பிரதேசமும் பீகாரும் கேரளமும் ஒன்றாய்க் கலந்த சராசரியை இரண்டு கோடிச் சொச்சம் பேர் வாழும் ஒரு தீவோடு நிறுத்துப் பார்ப்பதில் பொருள் இல்லை. நம் அரசமைப்பில் பொது சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. தனிநபர் வருமானத்திலும் இலங்கைக்கும் தமிழ்நாட்டுக்கும் இன்று பெரிய இடைவெளி இல்லை. ஆகவே அந்தத் தீவின் எதிரே வைக்க வேண்டியது தமிழ்நாட்டைத்தான்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ள எங்கள் ஆலங்குடி வட்டாரத்துக்கு இந்த ஒப்பீடு ஏட்டுக் கணக்கு மட்டும் அல்ல. ஊருக்குப் பக்கத்திலேயே தோப்புக்கொல்லையில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. மூத்த பிள்ளையை அந்தக் கரையிலும் இளையதை இந்தக் கரையிலும் பெற்ற தாய்மார் வாழும் இடம் அது. அதற்கும் முன்னால், புதுக்கோட்டைச் சீமையிலிருந்து அம்மாபட்டினம், தொண்டித் துறைகளில் தோணி ஏறி இலங்கை மலைநாட்டுத் தோட்டங்களுக்குப் போனவர்களின் வாரிசுகள் 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் திரும்பி வந்திருக்கிறார்கள். இரு நாட்டு ஆஸ்பத்திரிகளையும் உடம்பால் அறிந்த மக்கள் வாழும் வட்டாரம் இது.

முதலில் பிள்ளைப்பேறு. ஒரு நாட்டின் மருத்துவம் ஏழையின் வாசல்வரை வருகிறதா என்பதைப் பிரசவத்தைப்போல் வேறு எதுவும் காட்டிக்கொடுக்காது. மத்திய அரசின் மாதிரிப் பதிவுக் கணக்குப்படி 2018-20இல் தமிழ்நாட்டில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 54 தாய்மார் இறந்தனர். இந்தியச் சராசரி 97. இலங்கையில் அந்த எண் அப்போது 30ஐ ஒட்டி நின்றது. ஒரு வயதுக்குள் இறக்கும் குழந்தைகள் தமிழ்நாட்டில் 2020இல் ஆயிரத்துக்கு 13, இலங்கையில் ஆறு ஏழு. இந்தியாவுக்குள் நாம் முன்வரிசை. பாக் நீரிணைக்கு அப்பால் வைத்துப் பார்த்தால் இன்னும் பாதித் தூரம் போக வேண்டியிருக்கிறது.

இந்த வித்தியாசம் பணத்தால் வரவில்லை. இலங்கை ஏழையாக இருந்த காலத்திலேயே தொடங்கிவிட்டது. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவை அமைத்தார்கள். ஒரு வரையறுத்த நிலப்பகுதி, அதற்குப் பொறுப்பான ஒரு மருத்துவ அதிகாரி, அவருக்குக் கீழே சுகாதாரப் பரிசோதகரும் மருத்துவ மாதும் என்பது அதன் அமைப்பு. அது பிறகு நாடெங்கும் பரவியது. 1931இல் ஆண், பெண் இரு பாலருக்கும் வாக்குரிமை வந்தது. சென்னை மாகாணத்தில் அதற்கு 1951-52 பொதுத்தேர்தல்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1934-35 மலேரியாவில் 80,000க்கும் மேற்பட்டவர்கள் மாண்டபோது, அந்த ஊர்களில் வாக்குக் கேட்கப் போக வேண்டியவர்கள் மருந்தகமும் ஆஸ்பத்திரியும் கொண்டுவராமல் தப்ப முடியவில்லை. 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்து பெண்களைப் பள்ளிக்கு அனுப்பியது. 1951இல் அரசு ஆஸ்பத்திரிகளில் கட்டணம் ஒழிந்தது. இந்த வரிசையை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. இலங்கையின் ஆரோக்கியத்தைக் கட்டியது மருத்துவர்கள் மட்டும் அல்ல. வாக்குச்சீட்டும் பள்ளிக்கூடமும் அவர்களோடு சேர்ந்து போயின. மலேரியா அறவே ஒழிந்த நாடு என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் அந்தத் தீவுக்குச் சான்று கொடுத்ததும் அந்தப் பழைய வேலையின் தொடர்ச்சிதான்.

இன்றைய நடைமுறையில் நான் அதிகம் மதிப்பது அங்குள்ள குடும்பநல உத்தியோகத்தரை. ஏறக்குறைய 3,000 பேருக்கு ஒருவர் என்பது அங்கே வரையறை. கருவுற்றதிலிருந்து பிள்ளை பள்ளிக்குப் போகும்வரை அவர் வீடு தேடி வருவார். நம் கிராம சுகாதார செவிலியருக்குச் சமவெளியில் 5,000 பேர். அதோடு கணினிப் பதிவு, தடுப்பூசிக் கணக்கு, சர்க்கரை, ரத்த அழுத்தப் பரிசோதனை எல்லாம் அவர் தலையில். தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டில் தொடங்கி நீரிழிவு, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோகிறது. நல்ல திட்டம் அது, ஐ.நா. விருதுக்கும் தகுதியானது. கர்ப்பிணியின் வீட்டுக்குப் போகும் நேரத்தை மட்டும் அது செவிலியருக்குத் திருப்பித் தந்துவிடவில்லை. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. பிறந்த ஊரான புதுக்கோட்டையின் மகாராஜா கல்லூரியில் முதல் மாணவியாகச் சேர்ந்து மருத்துவரானவர் முத்துலட்சுமி ரெட்டி. அவர் பெயரில் 18,000 ரூபாய் மகப்பேறு உதவி தருகிற மாநிலத்தில் இப்படி ஓர் எண் இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. பிரசவம் ஆஸ்பத்திரியில் நடப்பதை உறுதி செய்துவிட்டோம். அதற்கு முந்தைய ஒன்பது மாதச் சோறும் கீரையும் முட்டையும் இன்னும் உறுதியாகவில்லை.

இனி மறுபக்கம், தமிழ்நாடு முந்தி நிற்கும் இடம். முதலில் மருந்து. 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் உருவானது. மாநிலத்துக்கே ஒரே இடத்தில் டெண்டர், தரப் பரிசோதனை, மாவட்டம்தோறும் கிடங்கு, அங்கிருந்து ஆரம்ப சுகாதார நிலையம்வரை மருந்து. பார்க்கப் பகட்டில்லாத வேலை. ஆனால் ஆலங்குடி அரசு மருத்துவமனையில் சர்க்கரை மாத்திரைக்கு வரிசையில் நிற்பவரின் வாழ்வு அந்தக் கிடங்கில்தான் தங்கியிருக்கிறது. இந்த விஷயத்திலும் இலங்கைதான் முன்னோடி என்பது வேதனை. பேராசிரியர் சேனக பிபிலே வகுத்த கொள்கையின்படி 1971இலேயே அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் அமைத்து, பெயர் பார்க்காமல் குணம் பார்த்து மருந்து வாங்கத் தொடங்கிய நாடு அது. பிற்காலத்தில் அந்த ஒழுங்கு தேய்ந்தது. 2022இல் டாலர் இல்லாமல் போனபோது பேராதனைப் போதனா வைத்தியசாலை வழக்கமான அறுவைச் சிகிச்சைகளை நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. அந்த ஆண்டு தமிழ்நாட்டிலிருந்து அரிசி, பால் மாவோடு 137 வகை அத்தியாவசிய மருந்துகளை அனுப்ப முடிவானது. மே மாதம் முதல் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டது. அதற்குப் பின்னும் நிலைமை முழுதாகச் சீராகவில்லை. தரமற்ற இம்யூனோகுளோபுலின் மருந்து வாங்கிய விவகாரத்தில் முன்னாள் சுகாதார அமைச்சரே 2024 பிப்ரவரியில் கைதானார்.

பெரிய நோய்களின் சிகிச்சையில் தமிழ்நாடு வெகுதூரம் முன்னே. 2008இல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. அதே ஆண்டு மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்பைப் பெறும் திட்டமும் தொடங்கி, நாட்டுக்கே வழிகாட்டியானது. புதுக்கோட்டையில் 2017இல் அரசு மருத்துவக் கல்லூரி திறந்த பிறகு, நெஞ்சுவலி என்றால் தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ ஓடியே ஆக வேண்டும் என்ற நிலை தளர்ந்தது. இலங்கையின் வடக்கு மாகாணம் முழுவதற்கும் போதனா வைத்தியசாலை யாழ்ப்பாணத்தில் ஒன்றுதான். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் வசதியுள்ள இலங்கையர் சென்னைக்கு வருகிறார்கள். சிகிச்சைக்காக நாம் கொழும்புக்குப் போவதில்லை. இதற்கும் ஒரு விலை இருக்கிறது. நம் காப்பீட்டுத் திட்டம் அறுவைச் சிகிச்சைக்குக் கைகொடுக்கிறது. புறநோயாளிச் செலவுக்கும் மாதாந்திர மருந்துக்கும் கொடுப்பதில்லை. இலங்கையிலும் மொத்த மருத்துவச் செலவில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு மக்கள் கைக்காசுதான். அதைக் கிளினிக்குக்கும் பரிசோதனைக்கும் செலவழிக்கிறார்கள். படுக்கையில் விழுந்தால் பெரும்பாலோர் அரசு வைத்தியசாலைக்கே போகிறார்கள். ஆகவே நிலத்தை விற்று ஆஸ்பத்திரிக்குக் கட்டும் அவலம் அங்கே குறைவு.

ஒப்பீடுகளில் அதிகம் பேசப்படாத ஒன்றை இங்கே விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடலையும் கரும்பும் பூவும் விளையும் எங்கள் பக்கத்துக்கு அது உயிர்ப் பிரச்சினை. 1995இல் இலங்கையில் ஒரு லட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலை செய்துகொண்டனர், உலகிலேயே மிக அதிகமான விகிதங்களில் ஒன்று. அந்த ஆண்டிலேயே மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட கொடிய பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தார்கள். பின் எண்டோசல்பான், அதன்பின் பாராகுவாட் என்று ஒவ்வொன்றாய் நீக்கினார்கள். ஒரு நொடி ஆத்திரத்தில் கைக்கு எட்டும் பொருள் குறைந்தது. சாவு ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்தது. அதற்காக விளைச்சல் குறையவில்லை. (2021இல் ரசாயன உரத்தை ஒரே நாளில் தடை செய்து பயிரை அழித்தது வேறு கதை. ஆய்ந்து எடுத்த முடிவையும் ஆணவத்தில் எடுத்த முடிவையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது.) இந்தியாவில் மோனோகுரோட்டோபாஸ் அதன்பின் கால் நூற்றாண்டுக்கும் மேல் கடைகளில் கிடைத்தது. 2022இல் தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலை செய்துகொண்டனர், லட்சத்துக்கு 26 பேர். ஆறு பூச்சிக்கொல்லிகளைத் தமிழ்நாடு தடை செய்தபோது மத்தியச் சட்டம் அதற்கு விட்ட காலம் வெறும் 60 நாள். ஒரு நாடு என்ற அதிகாரத்தோடு முடிவெடுக்க முடிந்தது இலங்கைக்குக் கிடைத்த அனுகூலம். அதை அவர்கள் வீணாக்கவில்லை.

இவ்வளவும் சராசரிகள். சராசரிக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் இரண்டு கரையிலும் இருக்கிறார்கள். இலங்கையில் வாக்குச்சீட்டுதான் ஆஸ்பத்திரியைக் கொண்டுவந்தது என்றால், 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மலையகத் தமிழருக்கு என்ன வந்தது? தோட்டக் கம்பெனியின் மருந்தகமும் லயன் அறையும் வந்தன. 1970களின் நடுவில் உணவுத் தட்டுப்பாடு வந்தபோது தோட்டங்களில் சாவு கூடியது. 2016 கணக்கெடுப்பிலும் வயதுக்கேற்ற உயரமில்லாத குழந்தைகள் நாட்டில் 17 விழுக்காடு, தோட்டப் பகுதியில் 32 விழுக்காடு. தமிழ்நாட்டின் 25 விழுக்காட்டைவிடவும் அது மோசம். 2009 இறுதிப் போரில் வன்னியில் வைத்தியசாலைகள்மேல் குண்டு விழுந்ததையும், மருந்தின்றிச் சிகிச்சை செய்த மருத்துவர்கள் போர் முடிந்ததும் கைதானதையும் எந்த நலக் குறியீடும் கணக்கில் எடுக்காது. நான் எடுத்துக்கொள்கிறேன். தன் குடிகளின் ஒரு பகுதியைச் சுகாதாரத்துக்கு வெளியே நிறுத்திய அரசின் மதிப்பெண்ணை அப்படியே ஏற்க முடியாது.

நம் பக்கமும் கை சுத்தமில்லை. 2022 டிசம்பரில் இதே மாவட்டத்தின் வேங்கைவயலில் பட்டியலின மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது, பிள்ளைகள் நோய்வாய்ப்பட்ட பிறகுதான் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் கொடுக்கும் மருந்து அந்தத் தண்ணீர்வரை போவதில்லை. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு வீடுகளில் பாதிக்கும் குறைவானவற்றில்தான் கழிப்பறை இருந்தது. மறு ஆண்டு இலங்கையில் எடுத்த கணக்கில் கழிப்பறையே இல்லாத வீடு நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. பிறகு நாம் நிறையக் கட்டியிருக்கிறோம், ஆனால் அவர்கள் ஒரு தலைமுறை முன்னால் நின்றார்கள்.

தோப்புக்கொல்லைக்குத் திரும்ப வேண்டும், தீர்ப்பின் கடினமான பகுதி அங்கேதான். மலையகத்தில் குடியுரிமை இழந்தவர்களைக் கம்பெனியின் தயவில் விட்டார்கள். இங்கே முகாம்வாசிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையமும் முதலமைச்சர் காப்பீடும் உண்டு, 2021இல் அறிவித்த 7,469 புதிய வீடுகளில் பங்கும் உண்டு. மருத்துவ அளவில் தமிழ்நாட்டின் நடத்தை மேலானது, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் 1987 ஜூலைக்குப் பின் முகாமில் பிறந்த பிள்ளைக்கு, பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இல்லாவிட்டால், பிறந்த மண்ணில் குடியுரிமை இல்லை. 2019 சட்டத் திருத்தமும் ஈழத் தமிழரைச் சேர்க்கவில்லை. புதுக்கோட்டை அரசு இராணியார் மருத்துவமனையில் பிறந்து தமிழ்நாட்டுத் தடுப்பூசிகள் அனைத்தும் போட்டு வளர்ந்த பிள்ளை அரசு வேலைக்கு மனுப்போட முடியாது. இது மாநிலத்தின் குற்றமல்ல, தில்லியின் குற்றம். ஆனாலும் வாழ்க்கைத் தரம் என்ற தட்டில் இதைப் போடாமல் இருக்க முடியாது.

ஆகவே என் தீர்ப்பு இது. பிறப்பது முதல் வளர்வதுவரை, சுத்தமான சூழலிலும் தாய்-சேய் நலத்திலும் நஞ்சைக் கைக்கெட்டாமல் வைப்பதிலும் இலங்கை மேல். நோய் வந்தபின் மருந்து தவறாமல் கிடைப்பதிலும் பெரிய சிகிச்சையிலும் தமிழ்நாடு மேல். இரண்டுக்கும் நான் சம எடை தர மாட்டேன். சாவைத் தள்ளிப்போடுவதைவிட, வராமல் தடுக்கக்கூடிய சாவைத் தடுப்பது முந்தியது. அதனால் தட்டு இலங்கைப் பக்கம் சாய்கிறது, தோட்டங்களையும் வன்னியையும் கழித்த பிறகும். ஆனால் அந்த மேன்மை முன் தலைமுறைகள் சேர்த்த முதல். 2022க்குப் பின் மருத்துவர்கள் கூட்டமாக வெளிநாடு போகிறார்கள், முதல் கரைகிறது. தமிழ்நாட்டின் வரைபடம் இன்னும் ஏறுமுகம்.

அந்த ஏற்றத்தை எங்கே செலவழிப்பது என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். புதுக்கோட்டைக்கு அடுத்து வேண்டியது இன்னொரு பல்நோக்கு மருத்துவமனைக் கட்டடம் அல்ல. ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் பக்கத்து ஊர்களில் 3,000 பேருக்கு ஒரு கிராம சுகாதார செவிலியர் வேண்டும். பதிவு வேலையைச் செய்ய வேறொருவரை நியமித்து, செவிலியரைக் கர்ப்பிணியின் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். தோப்புக்கொல்லை முகாமின் வீடுகளும் அந்த 3,000 கணக்கில் முழுதாகச் சேர வேண்டும்.