பதினோரு வருஷத்துப் பழமை

பழைய நாட்களைப் பற்றி உருகிப் பேசுகிறவர்களிடம் எனக்கு எப்போதுமே ஒரு சந்தேகம் உண்டு. அவர்கள் நினைவில் வெயில் சுடுவதில்லை. மழைகூட அளவாகப் பெய்கிறது. ஜார்ஜ் லூகாஸ் எடுத்த 'அமெரிக்கன் கிராஃபிட்டி' படத்தை முதல் தடவை அந்தச் சந்தேகத்தோடுதான் பார்த்தேன். "நன்றாகத்தான் இருக்கிறது, சர்க்கரைதான் ஜாஸ்தி" என்று ஒரு நண்பரிடம் சொல்லவும் சொன்னேன். சென்ற மாதம் மறுபடி பார்த்தேன். அவசரப்பட்டுவிட்டேன் என்று தோன்றுகிறது.

படம் வெளியானது 1973-ல். கதை நடப்பது 1962-ல், கலிபோர்னியாவில் மொடெஸ்டோ என்ற ஊரில், கோடை விடுமுறை முடிகிற ஒரே ராத்திரியில். கர்ட், ஸ்டீவ் என்ற இரண்டு பையன்கள் விடிந்தால் வெளியூர்க் கல்லூரிக்கு விமானம் ஏற வேண்டும். டெர்ரி என்ற கண்ணாடி போட்ட அசட்டுப் பையன், ஸ்டீவின் கார் தன் கைக்கு வந்ததும் ராஜாவாகிவிட்டதாக நினைக்கிறான். ஜான் மில்னர் இவர்களுக்கு மூத்தவன்; 1932-ஆம் வருஷத்து ஃபோர்டு கார் ஒன்றை மஞ்சள் வர்ணம் அடித்து ஊரிலேயே வேகமான காராக வைத்திருக்கிறான். ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் காரில் போகிறார்கள், திரும்புகிறார்கள், மறுபடி போகிறார்கள். கதை என்று பார்த்தால் இவ்வளவுதான்.

கதைக்கும் படத்துக்கும் நடுவே பதினோரே வருஷம். அதற்குள் ஒரு காலம் 'அந்தக் காலம்' ஆகிவிடுமா? நம் வீட்டில் பதினோரு வருஷத்துக் குடத்தைக்கூடப் பழசு என்று சொல்ல மாட்டோம். ஆனால் அந்த இடைவெளியில்தான் கென்னடி சுடப்பட்டார். வியட்நாம் யுத்தம் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட அமெரிக்கர்களை விழுங்கியது. லூகாஸ் இதில் ஒன்றையும் காட்டவில்லை. காட்டாததுதான் படத்தின் பலம். வரப்போவது நமக்குத் தெரியும். காரில் சுற்றுகிற அவர்களுக்குத் தெரியாது.

படத்துக்கென்று தனியே பின்னணி இசை கிடையாது. நாற்பதுக்கு மேற்பட்ட பழைய பாட்டுகள், பெரும்பாலும் கார் ரேடியோக்களிலிருந்து வருகின்றன. ஒலியைக் கவனித்த வால்டர் மர்ச், அந்தப் பாட்டுகளைத் திறந்த வெளியில் ஒலிக்கவிட்டு மறுபடி பதிவு செய்தார். அதனால் பாட்டு ஒரு காரிலிருந்து இன்னொரு காருக்குக் காற்றில் மிதந்து போகிறது. ஊரே ஒரு பாட்டைக் கேட்கிறது. ஒவ்வொருவரும் தனியாகக் கேட்கிறார்கள். பாட்டுப் போடுகிற வுல்ஃப்மன் ஜாக்கை யாரும் பார்த்ததில்லை. கர்ட் தேடிப் போகிறான். நிலையத்தில் தாடிக்காரர் ஒருவர், குளிர்பெட்டி கெட்டுப்போய் உருகுகிற குச்சி ஐஸைத் தின்றுகொண்டிருக்கிறார். தாம் அவரில்லை என்று சொல்லிவிடுகிறார். வெளியேறும்போது கண்ணாடி வழியாகக் கர்ட் பார்க்கிறான், அவரேதான்!

என் அபிப்பிராயத்தை மாற்றியது விடியற்காலைக் கார்ப் பந்தயம். எதிராளியின் கார் உருண்டு தீப்பிடிக்கிறது. ஜெயித்த ஜான், தான் தோற்றுக்கொண்டிருந்ததாக டெர்ரியிடம் ஒப்புக்கொள்கிறான். டெர்ரி நம்ப மாட்டேன் என்கிறான். கடைசியில் ஜானும், சரி, அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறான். வீதியின் ராஜாவுக்கே தன் ராஜ்யம் முடிந்தது தெரிகிறது. நம்புகிறவனுக்காக அவன் ராஜாவாக நடிக்க வேண்டியிருக்கிறது. சர்க்கரைப் பாகில் இப்படி ஒரு காட்சி பிறக்காது. லூகாஸ் அந்த ஊரில் 1944-ல் பிறந்தவர். 1962-ல் கார் விபத்தில் சாகக் கிடந்து பிழைத்தவர். வேகத்தின் மறுபக்கம் அவருக்குத் தெரியும்.

முடிவில் கர்ட் மட்டும் விமானம் ஏறுகிறான், ஸ்டீவ் தங்கிவிடுகிறான். பிறகு திரையில் ஆளுக்கு ஒரு வரி. ஜான் 1964-ல் குடிகாரன் ஓட்டிய கார் மோதி இறந்தான். டெர்ரி 1965-ல் வியட்நாமில் காணாமல் போனான். ஸ்டீவ் மொடெஸ்டோவில் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு. கர்ட் கானடாவில் எழுத்தாளன். யுத்தத்துக்குப் போக மறுத்த வாலிபர்கள் பலர் கானடாவுக்குத்தான் போனார்கள் என்பதை நினைத்தால், அந்தக் கடைசி வரியும் லேசானதல்ல.

ஆனால் லாரி? டெபி? கேரல்? ராத்திரி பூராவும் அந்தக் கார்களில் அவர்களும்தான் இருந்தார்கள். அவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை. நாலு வரி என்பதில்தான் அழுத்தம் இருக்கிறது என்று சமாதானம் சொல்லலாம். எனக்குத் திருப்தியில்லை. சாவையும் யுத்தத்தையும் மறைக்காத ஞாபகம், கூட இருந்த பெண்களை மட்டும் எப்படி நழுவவிட்டது?

இதைக் கேட்க எனக்கு யோக்கியதை உண்டா என்பது வேறு விஷயம். என் முதல் நாவலின் கடைசி அத்தியாயத்தில் சிநேகிதர்கள் நாலு பேரும் பின்னால் என்ன ஆனார்கள் என்று எழுதி முடித்திருந்தேன். ஒரு வாசகி கார்டு போட்டிருந்தார்: அந்தப் பெண் என்ன ஆனாள்? நான் பதில் போடவில்லை. எனக்குத் தெரியவில்லை என்பதுதான் நிஜம்.