பட்டியலில் இல்லாத குரு

ஒலக்கூர் ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில் நான் அடிக்கடி போகும் பரோட்டாக் கடை ஒன்று இருக்கிறது. சென்ற ஆண்டு அங்கே ஜார்க்கண்டிலிருந்து ஒரு பையன் வேலைக்கு வந்து சேர்ந்தான். பத்தொன்பது இருபது வயதிருக்கும். கைபேசியில் தமிழ்ச் சொற்களை ஹிந்தி எழுத்தில் வரிசையாகக் குறித்து வைத்துக்கொண்டு, ஓய்ந்த வேளைகளில் உதட்டை அசைத்து மனப்பாடம் செய்துகொண்டிருப்பான். அவனுடைய பட்டியலில் 'என்ன' என்று இருந்தது. எங்கள் ஊரிலோ 'என்ன' என்று ஒருவரும் சொல்வதில்லை. "இன்னா தம்பி, இன்னா இருக்கு?" என்றுதான் கேட்பார்கள். முதல் வாரம் முழுவதும் அவன் விழித்தான். பாவம், அகராதியைப் புரட்டினாலும் 'இன்னா' என்பதற்குத் துன்பம் என்றுதான் போட்டிருக்கும்! வள்ளுவர் ஒரு அதிகாரமே வைத்திருக்கிறார். பரோட்டா கேட்கிற ஒருவர் எதற்காகத் துன்பத்தை விசாரிக்க வேண்டும்?

போதாததற்கு, வருகிற பெரியவர்களிடமெல்லாம், "உட்காரு, சாப்பிடு" என்றான். பட்டியலில் அப்படித்தான் இருந்தது. கீரைக்கட்டு கொண்டுவருகிற ஆயா ஒருத்தி, "டேய், பெரியவங்கள வாங்க, உக்காருங்கன்னு சொல்லணும்டா" என்று திருத்தினாள். அவனை மட்டும் அவள் 'டேய்' என்றுதான் கூப்பிட்டாள். இதிலிருந்து அவன் என்ன இலக்கணம் கற்றுக்கொண்டானோ, எனக்குத் தெரியாது.

அவனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தரங்கம்பாடியின் ஞாபகம் வரும். 1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் தேதி அங்கே இரண்டு ஜெர்மானியப் பாதிரிமார் வந்து இறங்கினார்கள். ஒருவர் சீகன்பால்கு, இன்னொருவர் புளூட்சோ. சீகன்பால்குக்கு அப்போது 24 வயது நிறைகிற சமயம். டேனிஷ் மன்னர் அனுப்பி வந்தவர்கள். ஆனால் கோட்டையிலிருந்த டேனிஷ் கம்பெனிக்காரர்களுக்கே அவர்களைப் பிடிக்கவில்லை. இறங்கியவருக்கு ஊர் பேச்சில் ஒரு வார்த்தை தெரியாது. ஒரு வயதான திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியாரைப் பிடித்து, குழந்தைகளோடு குழந்தையாகத் தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுத்துக்களை வரைந்து பழகினார். வாத்தியாருக்கு எழுத்தைச் சொல்லிக்கொடுக்கத் தெரியும். எழுத்துக்குள் இருக்கிற பொருளை இந்த வெள்ளைக்கார மாணாக்கனுக்கு விளக்கத் தெரியாது. நடுவில் ஒரு பாஷை வேண்டியிருந்தது. அதற்கு வாய்த்தவர் அழகப்பன் என்கிற துபாஷி. கம்பெனியில் வேலை பார்த்தவர். போர்ச்சுகீஸ், டேனிஷ், ஜெர்மன் எல்லாம் பேசுவார்.

இந்தக் காட்சியைச் சொல்லுகிற நூல்கள் எல்லாம் மாணாக்கனின் மேதையைப் பார்த்து வியக்கின்றன. இரண்டே ஆண்டில், 1708இல், 119 தமிழ்ச் சுவடிகளைத் திரட்டி ஒரு விவரணப் பட்டியலே எழுதிவிட்டார் என்றால் வியக்க வேண்டியதுதான். ஆனால் கதை எழுதுகிறவன் கண் வேறிடத்துக்குப் போகிறது. தம்முடைய பேரப்பிள்ளை வயதுள்ள சிறுவர்களுக்கு நடுவே, மீசை முளைத்த ஒரு துரை சப்பணமிட முடியாமல் தவிப்பதைப் பார்த்த அந்த வாத்தியார் என்ன நினைத்திருப்பார்? பிரம்பை எடுத்தாரா? பிள்ளைகள் சிரித்தார்களா? சிரித்திருப்பார்கள். பாஷை கற்கிற முதல் நாட்களில் எந்த மனிதனும் ஊருக்கு ஒரு கோமாளிதான். இதை ஒப்புக்கொள்கிற புத்தகம் ஒன்றே ஒன்றுதான் நம்மிடம் இருக்கிறது. அதை நாம் குழந்தைகளுக்கான வேடிக்கைக் கதை என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

வீரமாமுனிவரின் 'பரமார்த்த குருவின் கதை'யைத்தான் சொல்லுகிறேன்.

நாம் எல்லோரும் பள்ளியில் படித்துச் சிரித்த கதை. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்ற ஐந்து சீடர்கள். அவர்களுக்கு ஏற்ற குரு. ஆற்றைக் கடந்து, தன்னை விட்டுவிட்டு மற்றவர்களை எண்ணி, ஒருவன் போய்விட்டான் என்று அழுகிறவர்கள். பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று வாங்குகிறவர்கள். இதை ஒரு நாடோடிக் கதைத் தொகுப்பாகவோ, மடாதிபதிகளைப் பற்றிய கேலியாகவோதான் விமரிசகர்கள் பார்த்திருக்கிறார்கள். இரண்டும் பொய்யல்ல. தன்னை எண்ண மறந்த முட்டாள்களின் கதை இங்கிலாந்து வரையில் வழங்குகிறது. முனிவர் எல்லாவற்றையும் தாமே புனைந்திருக்க வேண்டியதில்லை. கேலியும் இருக்கத்தான் செய்கிறது. மாற்றுச் சமயத்துக் குருவைக் கோமாளியாக்குவதில் ஒரு பாதிரியாருக்கு ருசி இருந்திருக்காது என்று நான் வாதாட வரவில்லை.

ஆனால் இந்தப் புத்தகம் யாருக்காக எழுதப்பட்டது என்பதை நாம் மறந்துவிட்டோம். தமிழ்க் குழந்தைகளுக்காக அல்ல. புதிதாக வந்து இறங்கிய பாதிரிமார்கள் பேச்சுத்தமிழ் பழகுவதற்காக. பக்கத்தில் லத்தீன் மொழிபெயர்ப்பையும் அவரே எழுதிவைத்தார். 1822இல் பெஞ்சமின் பாபிங்டன் இதை லண்டனில் அச்சிட்டபோதும், ஆங்கில மொழிபெயர்ப்பும் சொற்பொருளும் சேர்த்து, கும்பெனி உத்தியோகஸ்தர்களுக்கான பாடப்புத்தகமாகத்தான் போட்டார்.

முனிவர் யார்? இத்தாலியில் 1680இல் பிறந்த ஜோசப் பெஸ்கி. 1710இல் இந்தியா வந்தவர். சுப்பிரதீபக் கவிராயரிடம் தமிழ் கற்றார் என்பது வழிவழியாக வரும் செய்தி. விறலிவிடு தூது பாடிய கவிராயரிடம் ஒரு துறவி பாடம் கேட்டார் என்றால், அதுவே ஒரு நல்ல நாவலுக்கு விஷயம்! தேம்பாவணியில் 3,615 பாட்டுப் பாடியவர். 1732இல் சதுரகராதி தொகுத்தவர். செந்தமிழுக்கு ஒரு இலக்கணமும், அதற்கு முன்பே, 1728இல், பேச்சு வழக்கான கொடுந்தமிழுக்கு ஒரு இலக்கணமும் லத்தீனில் எழுதினார். அதைப் பின்னால் அச்சிட்டவர்கள், அவர் வாழ்நாளெல்லாம் கண்டித்து எழுதிய தரங்கம்பாடி லுத்தரன்மார்களேதான். சண்டை வேறு, இலக்கணம் வேறு என்று இரு தரப்பும் இருந்திருக்கிறார்கள். இப்போதைய நம் இலக்கியச் சண்டைகளில் இந்தப் பெருந்தன்மையைக் காணோம்.

இப்படி அகராதியும் இலக்கணமும் கையில் இருந்தவர், புதிதாக வந்தவனுக்குப் பாடமாக ஒரு புண்ணிய சரித்திரத்தைக் கொடுத்திருக்கலாம். கொடுத்ததோ முட்டாள்களின் கதை. ஏன்? சிரிப்பு வந்தால் சொல் மனத்தில் தங்கும் என்பது ஒரு காரணம். அது மட்டும் போதவில்லை எனக்கு.

குதிரை ஏறிப் போகும் கதையை மறுபடி படித்துப் பாருங்கள். குருவின் தலைப்பாகை கீழே விழுகிறது. யாரும் எடுக்கவில்லை, எடுக்கச் சொல்லவில்லையே! விழுகிறதையெல்லாம் எடுக்க வேண்டும் என்று குரு உத்தரவிடுகிறார். உடனே குதிரையின் சாணத்தை ஏந்தி அந்தத் தலைப்பாகையிலேயே போட்டுக் கொண்டுவருகிறான் ஒருவன். குரு திட்டுகிறார். சீடர்கள், எது எதை எடுக்கலாம் என்று எழுதிக் கொடுங்கள் என்கிறார்கள். அவரும் ஓலையில் எழுதிக் கொடுக்கிறார். பிறகு குருவே குழியில் விழுகிறார். சீடர்கள் ஓலையைப் பிரித்து வாசித்து, அதில் கண்டபடி உடுத்தியிருந்த துணிகளையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றி எடுத்துக்கொள்கிறார்கள். குரு பட்டியலில் இல்லை. ஆகவே அவர் அம்மணமாகக் குழியிலேயே கிடக்கிறார். கடைசியில் ஓலையை வாங்கித் தம்மையும் தூக்கும்படி தம் கையாலேயே எழுதிக் கொடுத்த பிறகுதான் கரையேறுகிறார்.

இதை எழுதியவர் அகராதி தொகுத்தவர் என்பதை நினைத்துக்கொண்டு படித்தால் வயிறு குலுங்குகிறது. கொஞ்சம் வயிற்றைக் கலக்கவும் செய்கிறது. ஆயிரக்கணக்கான சொற்களை வரிசைப்படுத்திய மனிதர், வரிசையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஊருக்குள் போகிறவன் என்ன ஆவான் என்று காட்டுகிறார். சீடர்களுக்கு ஒரு சொல்லும் தெரியாமல் இல்லை. சொன்னவன் எதற்காகச் சொன்னான் என்பதுதான் தெரியவில்லை. நூலின் முடிவும் இதே கதைதான்: பொருள் விளங்காத ஒரு வடமொழி வாக்கியத்தை அப்படியே நம்பி, குருவையே இழந்துவிடுகிறார்கள். மடாதிபதியைக் கேலி செய்ததாக நாம் நினைக்கிற இடங்களில், பாதிரியார் தம்முடைய புது மாணாக்கனையும், 1711இல் மதுரை மிஷனில் தட்டுத் தடுமாறிய தம்மையும் சேர்த்தே பார்த்திருக்கிறார் என்பது என் அபிப்பிராயம்.

குறைகள் உண்டு. ஐந்து பேருக்கும் ஒரே குரல். மட்டி பேசுவதை மூடன் வாயில் வைத்தால் வித்தியாசம் தெரியாது. நம் தெருவில் பேச்சைப் பேச்சாக வைத்திருக்கிறவர்கள் பெண்கள். அவர்களுக்கு இதில் போதுமான இடம் இல்லை. கீரைக்கார ஆயா மாதிரி ஒருத்தி இருந்திருந்தால் அந்த ஐந்து பேரில் இரண்டு பேராவது தேறியிருப்பார்கள்.

இவ்வளவும் நான் ஏன் உருகி எழுதுகிறேன் என்றால், பட்டியல் வியாதி எனக்கும் உண்டு. பல வருஷங்களுக்கு முன் மரக்காணம் பக்கத்து உப்பளத் தொழிலாளர்களை வைத்து ஒரு நாவல் எழுதினேன். நோட்டுப் புத்தகமும் கையுமாக நாலு மாதம் அலைந்து சொற்களைச் சேகரித்தேன். மதிப்புரைக்காரர்கள் மண்வாசனை என்று பாராட்டினார்கள். அந்தப் பக்கத்து வாசகர் ஒருவர் மட்டும் ஒரு தபால் கார்டு போட்டார். வார்த்தையெல்லாம் எங்களுடையதுதான் சார், ஆனால் எங்களில் ஒருவரும் உங்கள் புத்தகத்தில் பேசவில்லை என்று எழுதியிருந்தார். அந்த நாவலை இரண்டாம் பதிப்புக்குக் கேட்டபோது நான் கொடுக்கவில்லை. துணியையெல்லாம் பத்திரமாக எடுத்துக்கொண்டு ஆளைக் குழியில் விட்டு வந்திருக்கிறேன் என்பது முனிவரை மறுபடி படித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

பரோட்டாக் கடைப் பையனைப் போன வாரம் பார்த்தேன். கைபேசியைக் காணோம், சார்ஜ் இல்லை என்று எங்கேயோ செருகி வைத்திருந்தானாம். இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்துவிட்டு, "வாங்க சார், உக்காருங்க. இன்னா, ரெண்டா மூணா?" என்றான். மூன்று என்றேன்.