மரியன் ஸ்காட்டுக்கு எழுதப்பட்ட போர்

ஐவோர் கர்னியின் போர்க்காலக் கடிதங்களைப் பலரும் அவர் கவிதைகளுக்கான அடிக்குறிப்பாக வாசிக்கிறார்கள். எனக்கு அது தலைகீழாகப் படுகிறது. அந்தக் கடிதங்கள் இல்லையென்றால் அந்தக் குரலே உருவாகியிருக்காது.

கர்னி முதலில் இசைக்காரர், லண்டன் ராயல் இசைக் கல்லூரி மாணவர். 1915இல் குளோஸ்டர்ஷயர் படைப்பிரிவில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். பதுங்குகுழியில் பியானோவுக்கு எங்கே போவது? கவிதைக்குப் பென்சிலும் துண்டுத்தாளும் போதும். எழுதியதைக் கடிதத்தோடு மரியன் ஸ்காட்டுக்கு அனுப்பிவிடுவார். கல்லூரி வழி அறிமுகமான வயலின் கலைஞர் அவர். படியெடுத்து, சேர்த்துவைத்து, பதிப்பாளரிடம் பேசி, 1917 இறுதியில் 'செவெர்னும் சோமும்' தொகுப்பு வெளிவரக் காரணமானவர். என்னைப் போன்ற இன்ஜினியர் இதைச் சட்டென்று 'பேக்அப்' என்று சொல்லிவிடுவான். ஆனால் பேக்அப் பதில் எழுதாது. மரியன் எழுதினார், குறை சொன்னார். கர்னி மல்லுக்கு நின்றார்.

1917 புனித வெள்ளி இரவில் கர்னியின் மேற்கையில் குண்டு துளைத்தது. ரூவான் மருத்துவமனையில் சேர்த்தார்கள். இங்கிலாந்துக்கு அனுப்பும் அளவுக்குப் பெரிய காயமில்லை. அதுதான் அவருக்கு வருத்தமே! அங்கிருந்து எழுதியவற்றில் வலி கொஞ்சம்தான். இசை, புத்தகம், ஊர் நினைப்பு, கிண்டல், புலம்பல் எல்லாம் கலந்து கிடக்கும். பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடையில் இதைச் சொன்னபோது ஒரு நண்பன் கேட்டான்: "போர்க் கவிஞன்னா ரத்தம் வேணாமாடா?"

ரூபர்ட் புரூக்கைப் பாருங்கள். அவருடைய போர்க் கவிதைகள் ஒரு தேசத்தைப் பார்த்துப் பேசுகின்றன. அவற்றுக்கு எதிர்க்குரலாகவே கர்னி தன் சானெட்டுகளை எழுதினார், அதையும் மரியனிடம்தான் சொன்னார். தேசத்திடம் பேசுகிறவன் தொண்டையைச் செருமிக்கொள்ள வேண்டும். தோழியிடம் பேசுகிறவனுக்கு அது தேவையில்லை. சும்மா சொல்லக் கூடாது, முதல் தொகுப்பில் பாதி சுமார்தான். பழகிய சொற்கள், பழகிய சந்தங்கள். கடிதத்தில் இருக்கும் அந்தச் சகஜம் அவர் கவிதைக்குள் முழுசாக நுழைந்தது போருக்குப் பிறகு.

செப்டம்பரில் நச்சுவாயு தாக்கி எடின்பரோ அருகே பாங்கூர் மருத்துவமனைக்கு வந்தார். அங்கே ஒரு தாதியைக் காதலித்தார், அது நிலைக்கவில்லை. 1922இல் மனநலக் காப்பகம். 1937இல் அங்கேயே மரணம். காப்பகத்திலும் கடிதம் எழுதிக்கொண்டேதான் இருந்தார். ஆனால் அவற்றில் பல போலீசுக்கும் நிறுவனங்களுக்கும் எழுதிய விடுதலை மனுக்கள். கையெழுத்து அதேதான், எதிரே முகம் இல்லை. மரியன் மட்டும் கடைசிவரை போய்ப் பார்த்தார், தாள்களைக் காத்தார்.

நம் பக்கம் வருவோம். சயாம் ரயில் பாதை முகாமில் காய்ச்சலும் புண்ணுமாகக் கிடந்த தோட்டத் தமிழன் யாருக்கு எழுதியிருப்பான்? எழுதத் தெரிந்தவனுக்கும் தாள் ஏது, தபால் ஏது? நமக்குக் கிடைத்திருப்பவை ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' போன்ற, பல பத்தாண்டுகள் கழித்து வந்த நாவல்கள். அவை முக்கியமானவை, மறுக்கவில்லை. ஆனாலும் கிள்ளானில் யார் வீட்டுத் தகரப்பெட்டியிலாவது அந்தக் காலத்துக் கடிதம் ஒன்று அகப்பட்டால், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, யார் பெயருக்கு எழுதியிருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன்.