தண்ணீருக்கு ஒதுக்கிய இடம்

2010 நவம்பரில் பெய்த ஒரே இரவு மழையில் இலங்கைப் பாராளுமன்றம் வெள்ளத்துக்குள் நின்றது. உறுப்பினர்களைப் படையினர் ஏற்றிக்கொண்டு போய் இறக்க வேண்டியதாயிற்று. தியவன்னா ஓயாவின் சதுப்பைத் தோண்டி, ஏரியாக்கி, அதன் நடுவே 1982 இல் திறந்து வைத்த கட்டடம் அது. தண்ணீர் தன் பழைய இடத்தைக் கேட்டு வந்ததில் அதிசயம் ஒன்றுமில்லை.

வெள்ளம் குடிசை வாசலோடு நின்றிருந்தால் இவ்வளவு அவசரம் பிறந்திருக்குமா தெரியாது. 2012 இல் உலக வங்கியின் 21.3 கோடி டொலர் கடனோடு கொழும்பு பெருநகரத் திட்டம் தொடங்கியது. கால்வாய்களைத் தூர்வாரினார்கள், கரை கட்டினார்கள், நடைபாதை போட்டார்கள். இதெல்லாம் எந்த ஊரிலும் செய்வதுதான். கொழும்பு வித்தியாசமாகச் செய்தது, சதுப்பையும் வடிகாலின் ஒரு பாகமாகக் கணக்கில் எடுத்ததுதான். நகருக்குள் பெய்யும் மழை வடக்கே களனி கங்கைக்குத்தான் பெரிதும் வடிய வேண்டும். களனியே பெருகிவிட்டால் நாகலகம் வீதிப் பக்கத்து மதகை மூட வேண்டும். மூடினால் உள்ளே சேரும் நீர் எங்காவது காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருக்கும் இடம்தான் பெத்தகானச் சதுப்பும் அதைச் சுற்றிய சதுப்புகளும். தாழ்நிலங்களை நிரப்புவதற்கென்றே 1968 இல் உருவான நிறுவனத்தின் வாரிசுதான் இன்று அவற்றைக் காக்கும் பொறுப்பில் இருக்கிறது. 2018 இல் ராம்சார் என்ற பன்னாட்டு ஈரநில ஒப்பந்தத்தின் கீழ் ஈரநில நகரமாக முதன்முதலில் அங்கீகாரம் பெற்ற 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று.

சென்னையில் பார்வை கரையோடு நின்றுவிடுகிறது. 2015 டிசம்பரில் அடையாறு ஊருக்குள் புகுந்தபின் ‘ஆக்கிரமிப்பு அகற்றம்’ என்பதே மந்திரமாயிற்று. சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை கூவத்தின் கரையில் வேலி போட்டது, மரம் நட்டது, நடைபாதை அமைத்தது. நல்ல காரியம்தான், அடையாறு முகத்துவாரத்தில் அது வளர்த்த தொல்காப்பியப் பூங்காவைப் பார்த்தவர்கள் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் ஆக்கிரமிப்பு என்ற சொல் குடிசைக்கு மட்டுமே பொருந்துகிறது. பக்கிங்காம் கால்வாய்க்குள் பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. விமான நிலையத்தின் இரண்டாம் ஓடுபாதை அடையாற்றைத் தாண்டிப் போகிறது. மதுரவாயல்–துறைமுகம் மேம்பாலச் சாலைக்காகக் கூவத்துக்குள் தூண்களை எழுப்பினார்கள். நீரோட்டத்தை மறிக்கிறது என்று 2012 இல் அரசே வேலையை நிறுத்தியது. தூண்கள் அங்கேயே நின்றன. இவற்றையெல்லாம் வளர்ச்சி என்கிறோம்.

கரையிலிருந்து எடுத்த மக்களை எங்கே கொண்டுபோய் விட்டார்கள்? கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். பெரும்பாக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரம். ஆற்று வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி, தென்சென்னையின் நீர் முழுக்க வந்து தேங்குகிற பள்ளத்தில் அடுக்குமாடி கட்டிக் குடிவைத்திருக்கிறார்கள். அந்தச் சதுப்பின் பெரும்பகுதி ஏற்கெனவே குப்பைமேட்டுக்கும் கட்டடங்களுக்கும் போய்விட்டது; மிச்சத்துக்கு 2022 இல்தான் ராம்சார் தகுதி கிடைத்தது. கூவக் கரையோரச் சிந்தாதிரிப்பேட்டையில் நாலு வீடு பாத்திரம் தேய்த்த பெண் பெரும்பாக்கத்திலிருந்து காலை ஆறு மணிக்குள் எப்படி வந்து சேர்வாள்? வேலை போய்விடும். பள்ளிக்கூட ஆண்டின் நடுவிலேயே வீட்டை இடித்த கதைகளும் உண்டு.

கொழும்பிலும் மக்களிடம் இனிமையாகப் பேசி அனுப்பவில்லை. நகர அபிவிருத்தி அதிகார சபை 2010 இல் பாதுகாப்பு அமைச்சின் கீழ் போனது. ‘தோட்டம்’ என்று அங்கே சொல்லும் நெருக்கமான குடியிருப்புகளைக் காலி செய்ய வந்தவர்களுக்குப் பின்னால் சீருடை நின்றது. பலரிடம் தொடர்மாடி வீட்டுக்கு 10 இலட்சம் ரூபாய் நீண்ட தவணையில் கேட்கப்பட்டது, இடித்த வீட்டுக்கு உறுதிப் பத்திரம் வைத்திருந்தவர்கள் உட்பட. வாசலில் அடுப்பு வைத்து இடியப்பம் அவித்து விற்றவர் பத்தாம் மாடிக்குப் போனால் யாருக்கு விற்பது? லிஃப்ட் நின்றுவிட்டால் மாவு மூட்டையும் கீழேயே நிற்கும். ஆனாலும் தெமட்டகொடையிலும் வனாத்தமுல்லையிலும் ஏறியவர்கள் நகரத்துக்குள்ளேயே இருக்கிறார்கள். பிள்ளை அதே பள்ளிக்கூடத்துக்குப் போகலாம். சென்னையில் போல 20 கிலோமீட்டருக்கு அப்பால் தள்ளப்படுவதோடு ஒப்பிட்டால் இது சின்ன விஷயமில்லை.

விசித்திரம் என்னவென்றால், இருந்த இடத்திலேயே மாடி கட்டிக் கொடுக்கும் வழக்கத்தைச் சென்னைதான் முதலில் பெரிதாகச் செய்தது. 1970 இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் ஆரம்ப ஆண்டுகளில் குப்பம் இருந்த இடத்திலேயே மூன்று, நான்கு மாடி எழுப்பியது. நிலத்தின் விலை ஏறியபின் ஏழைக்கு ஊரின் விளிம்பைக் காட்டினார்கள்.

கொழும்பை மெச்சும்போது ஒன்றை மறக்கக்கூடாது. களனியின் நீர்மட்டத்தைக் காட்டும் நாகலகம் வீதி அளவுகோலை இன்னும் அடியில்தான் படிக்கிறார்கள். ஏழு அடி தாண்டினால் பெருவெள்ளம். வெள்ளைக்காரன் காலத்து வெள்ளத்தடுப்பு அணை நகரத்தைக் காக்கும். மேல்பக்கத்து வெல்லம்பிட்டியவுக்கும் கொலன்னாவைக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. 2016 மே மாதம் அங்கே வீடுகள் நாட்கணக்கில் தண்ணீரில் கிடந்தன. அதே கொலன்னாவையின் மீதொட்டமுல்லயில் சதுப்பின் மேல் குவித்த குப்பைமலை, மறு ஆண்டு சித்திரைப் புத்தாண்டு அன்று வீடுகளின் மேல் சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அந்தக் குப்பையில் பெரும்பங்கு கொழும்பு நகரம் அனுப்பியது.