48 படங்களின் குற்றம் என்ன?

பீட்டர் ஜாக்சனின் 'தி ஹாபிட்' முதற்பாகம் 2012-இல் வெளிவந்தபோது, டிஜிட்டல் காமிராவில் விநாடிக்கு 48 படங்கள் வீதம் எடுக்கப்பட்டது என்பதே பெரிய செய்தி. பேசும்படக் காலம் முதல் திரையுலகம் பழகிய வேகம் 24 அல்லவா? பார்த்தவர்களிற் பலர் முகம் சுளித்தனர். செட்டும் ஒப்பனையும் அப்பட்டமாகத் தெரிகின்றன, தொலைக்காட்சி நாடகம்போல் இருக்கிறது என்றனர்.

காரணம் என்ன? ஓடுகிற ஒருவனைப் படம் பிடிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 24 படங்கள் எடுக்கையில், ஒவ்வொன்றுக்கும் வழக்கமாக 1/48 விநாடி ஒளி கிடைக்கிறது. அதற்குள் அவன் கை நகர்ந்துவிடுவதால் படத்தில் அது சற்றுக் கலங்கித் தெரியும். அந்தக் கலங்கலோடு திரைப்படம் பார்த்தே நம் கண் பழகியிருக்கிறது. வேகத்தை 48 ஆக்கி அதே கணக்கில் எடுத்தால் 1/96 விநாடிதான் கிடைக்கும், கலங்கல் பாதியாகும். ஜாக்சன் குழுவினர் 1/64 விநாடியைத் தேர்ந்தார்கள். ஒன்றுவிட்டு ஒரு படத்தை நீக்கி, புதிய வசதியில்லாத அரங்குகளுக்கு 24 படப் பிரதியும் தயாரிக்க வேண்டியிருந்ததே! கெட்டிக்காரச் சமரசம்தான்.

என் குறை வேறு. பூதங்களின் குகையில் காமிரா சரேலென்று திரும்பும் காட்சிகளில் 48 மெய்யாகவே உதவுகிறது, உருவங்கள் துள்ளுவதில்லை. விளக்கொளியில் குள்ளர்கள் விருந்துண்ணும் காட்சிக்கு அது எதற்கு? ஒட்டுத்தாடியின் மயிரை எண்ணவா? 2022-இல் வந்த 'அவதார்' இரண்டாம் படத்தில் ஜேம்ஸ் கேமரூன் சில காட்சிகளுக்கு மட்டும் 48-ஐ வைத்துக்கொண்டார். ஆனால் வேகம் மாறும் இடங்களில் கண் இடறுகிறது. பார்க்கும்போது அதையும் கவனியுங்கள்.