எட்டணா மிச்சமும் இரண்டு வட்டியும்

இளம் குடும்பத்துக்குச் சிக்கனம் சொல்லித் தராத தமிழ்ப் பத்திரிகை கிடையாது. அடுப்பைச் சிம்மில் வை, இரவில் ஃபிரிட்ஜை அணை, பலகாரத்தை வீட்டிலேயே சுடு, மாதம் தவறாமல் நகைச்சீட்டுக் கட்டு என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். இவற்றில் எது உண்மையில் காசை மிச்சம் பிடிக்கிறது, எது உழைப்பை மட்டும் கூட்டுகிறது, எது நஷ்டத்தில் முடிகிறது என்று எடைபோட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. காரைக்காலை வைத்து அந்த எடையைப் போட்டுப் பார்க்கிறேன்.

ஏன் காரைக்கால் என்றால், பொதுவான யோசனைகள் எல்லாம் இந்த ஊருக்குள் நுழையும்போது பொருந்தாமல் போகின்றன. வடக்கே பூவம், தெற்கே வாஞ்சூர். இந்த இரண்டு எல்லைக்கு இடையில் சுமார் 160 சதுர கிலோமீட்டர் நிலம் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது. 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய் 1954இல் இந்தியாவோடு இணைந்த பகுதி. சுற்றிலும் தமிழ்நாடு. அரிசியும் மீனும் பேச்சும் உறவும் ஒன்றுதான். ஆனால் ரேஷனும் கரண்டு பில்லும் பெட்ரோல் விலையும் வேறு. சென்னையில் அச்சாகும் சிக்கனக் குறிப்பைக் கோட்டுச்சேரியிலோ நெடுங்காட்டிலோ அப்படியே பின்பற்றினால் சில இடங்களில் ஒரு பைசாவும் மிஞ்சாது.

மின்சாரத்தை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 2016 முதல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அங்கே 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண வரிசையே மாறிவிடும் என்பதால், ‘ஐந்நூறுக்குள் நிறுத்து’ என்பது அந்த வீடுகளுக்கு நல்ல புத்திமதி. காரைக்காலில் இலவச நூறும் இல்லை, அந்த ஐந்நூறு கோடும் இல்லை. இங்கே மாதக் கணக்கு. நூறு நூறு யூனிட்டாகப் படி ஏற ஏற விலையும் ஏறும். ஆகவே இங்கே சேமிக்கும் ஒவ்வொரு யூனிட்டும் உச்சப் படியிலிருந்து கழிகிறது, அதுதான் பில்லில் அதிக விலையுள்ள யூனிட். இது தெரிந்தால் எதில் கை வைப்பது என்பதும் தெரிந்துவிடும். பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி ஃபேன் சுமார் 30 வாட்டில் ஓடும். காரைக்கால் கடலோரப் புழுக்கத்தில் ஒரு ஃபேன் நாளுக்குப் பதினைந்து மணி நேரம் ஓடுவது சாதாரணம். மாதம் இருபது யூனிட், வருஷத்துக்கு 240 யூனிட் குறையும். யூனிட்டுக்கு ஐந்து ரூபாய் என்று வைத்தால் 1,200 ரூபாய். மூவாயிரம் ரூபாய் ஃபேன் இரண்டரை வருஷத்தில் தன் விலையைத் திருப்பித் தந்துவிடுகிறது. அதன் பிறகு யாரும் ஒரு விரலும் அசைக்காமல் வருஷா வருஷம் மிச்சம். இந்த யோசனை தேறுகிறது.

இரவில் ஃபிரிட்ஜை அணைப்பது தேறவில்லை. காலையில் மறுபடி குளிர்விக்கும்போது அணைத்து வைத்ததில் மிஞ்சியதில் பெரும்பகுதி போய்விடும், மேமாதத்தில் பாலும் கெடும். பல்பை எல்இடிக்கு மாற்று என்பது 2015இல் உஜாலா திட்டம் வந்தபோது அருமையான யோசனை; மாற்றாத வீடு இன்று அரிது, ஆகவே இன்று அதில் மிஞ்ச ஒன்றும் இல்லை. ஏசி உள்ள வீட்டில் ஒரு டிகிரி கூட்டினால் ஆறு சதவீதம் மின்சாரம் மிஞ்சும் என்பது எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு. இருபதிலிருந்து இருபத்துநான்குக்குப் போவது உண்மையான மிச்சம்.

அடுப்பும் அப்படித்தான் அளக்கப்பட வேண்டும். பருப்பை ஊறவைத்து, மூடி போட்டு, கொதி வந்ததும் தீயைக் குறைத்தால் பத்தில் ஒரு பங்கு கேஸ் மிஞ்சும் என்றே கொள்வோம். வருஷத்துக்கு எட்டு சிலிண்டர், ஒன்று சுமார் 900 ரூபாய் என்றால் மிச்சம் 700 ரூபாயைச் சுற்றி வரும். இதில் கூடுதல் உழைப்பு இல்லை, பழக்கம்தான். செய்யலாம். பலகாரத்தை வீட்டில் சுடுவது வேறு கதை. எண்ணெயும் கேஸும் போக, ஒரு முறை சுடும் முறுக்கில் மிஞ்சுவது ஐம்பது அறுபது ரூபாய். அதற்கு ஒரு பெண் இரண்டரை மணி நேரம் அடுப்படியில் நிற்கிறாள். அவளுடைய அந்த மணி நேரங்களுக்கு விலை பூஜ்யம் என்று வைத்தால்தான் அது சிக்கனம். சிக்கனக் குறிப்புகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கின்றன: மிச்சம் குடும்பத்துக்கு, வேலை மனைவிக்கு. கைக்குழந்தையும் வைத்துக்கொண்டு வேலைக்கும் போகிற பெண்ணிடம் இதைச் சொல்வது அநியாயம் என்றே நினைக்கிறேன். பிடித்துச் சுட்டால் சுடட்டும். கணக்கில் அதை வரவாக எழுத வேண்டாம்.

மீன் விஷயத்தில் ஊர்க்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்க எதுவும் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு கடலுக்குப் போகாது, விலை ஏறும். அதற்கு முன்பே கருவாடு வாங்கி வைப்பதும், வஞ்சிரத்தை விட்டு மத்திக்கும் நெத்திலிக்கும் இறங்குவதும் இங்கே காலங்காலமாக நடப்பது. ருசியிலும் சத்திலும் மத்தி எதற்கும் குறைந்ததில்லை.

பெட்ரோல் பற்றி ஒரு வார்த்தை. புதுச்சேரியில் வரி குறைவு என்பதால் பக்கத்துத் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து எல்லை தாண்டி வந்து டேங்க் நிரப்பிப் போவோர் உண்டு. லிட்டருக்கு ஐந்து ரூபாய் வித்தியாசம், ஐந்து லிட்டர் என்றால் இருபத்தைந்து ரூபாய். நாகப்பட்டினத்திலிருந்து வந்து திரும்பப் பதினைந்து கிலோமீட்டர் ஓடினால் முப்பது ரூபாய்ப் பெட்ரோல் தீர்ந்துவிடும். வேறு வேலையாக வருகிறவருக்கு லாபம், அதற்காகவே வருகிறவருக்கு நஷ்டம். அதே வரிக் குறைவால் மலிவாகக் கிடைக்கும் இன்னொரு பொருள் இந்த ஊரில் உண்டு. நாளுக்கு நூறு ரூபாய் மதுவுக்குப் போகும் வீட்டில் வருஷத்துக்கு 36,500 ரூபாய் போகிறது. மேலே சொன்ன ஃபேன், கேஸ், ஏசி எல்லாவற்றையும் கூட்டினாலும் அதில் பத்தில் ஒரு பங்கைத் தொடுவதே பெரிது. அந்த வீட்டில் மனைவிக்குச் சிக்கனப் பாடம் நடத்துகிறவர்கள் ஆளை மாற்றிப் பேசுகிறார்கள்.

இனி அரிசி. இதுதான் காரைக்காலின் தனிக் கதை, இதில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

2015 செப்டம்பரில் ரேஷன் தானியத்துக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் போடும் மத்திய அரசின் சோதனை தொடங்கியபோது, சண்டிகரோடு புதுச்சேரியும் முதலில் இறங்கியது. மாநில அரசின் இலவச அரிசித் திட்டத்திலும் பிறகு அதே தகராறு வந்தது. அரிசிதான் வேண்டும் என்றார் அன்றைய முதல்வர் நாராயணசாமி, பணம்தான் என்றார் துணைநிலை ஆளுநர் கிரண் பேடி; 2020இல் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பும் ஆளுநர் பக்கமே நின்றது. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளவர்களின் சிவப்பு அட்டைக்கு இருபது கிலோ அரிசிக்கு ஈடாக மாதம் 600 ரூபாய், மற்றவர்களின் மஞ்சள் அட்டைக்குப் பத்து கிலோவுக்கு 300 ரூபாய். கிலோ முப்பது ரூபாய்க் கணக்கு. 2024 தீபாவளியை ஒட்டித்தான் ரேஷன் கடைகள் மறுபடி திறந்தன.

ஒரு குடும்பத்தின் வரவுசெலவில் இது என்ன செய்தது? கடையில் சாப்பாட்டு அரிசி கிலோ ஐம்பது ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இருபது கிலோவுக்கு 1,000 ரூபாய் ஆகும். வந்தது 600. மாதம் 400 ரூபாய், வருஷத்துக்கு 4,800 ரூபாய் கைக்காசு. பணத்துக்காக வாதாடியவர்களிடமும் நியாயம் இருந்தது. ரேஷன் அரிசி பல மாதம் கல்லும் நாற்றமுமாக வரும், வாங்கி விற்பவர்கள் உண்டு, பிடித்த அரிசியைப் பிடித்த கடையில் வாங்கும் உரிமை ஏழைக்கும் வேண்டும் என்றார்கள். நிதி ஆயோக்குக்காக கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தங்கர் ஆகியோர் இந்த ஒன்றியப் பகுதிகளில் நடத்திய ஆய்விலும், தொடக்கத்தில் பணம் வந்ததே தெரியாமல் குழம்பியவர்கள் நாள் போகப் போகப் பணத்தை விரும்பத் தொடங்கினர் என்று தெரிந்தது. ஆனால் அதே தானியத்தை வாங்க முன்பைவிடக் கூடுதல் காசும் நேரமும் செலவானதையும் அதே ஆய்வு சொன்னது. தொகை விலைவாசியோடு ஏறியிருந்தால் நானும் பணத்தின் பக்கம் நின்றிருப்பேன். ஏறாத தொகை, மாதம் தவறாமல் வராத தொகை, அரிசிக்கு ஈடாகாது. வீட்டில் மூட்டையாகக் கிடக்கும் அரிசி வேறு செலவுக்குப் போகாது என்பதும் அதன் பலம். இன்று கடை திறந்திருக்கிறது. நடந்து போய் வாங்குகிற அந்த அரை மணி நேரம், எந்தச் சிக்கனக் குறிப்பையும்விட அதிகம் ஈட்டும் அரை மணி. ரேஷன் அரிசி இட்லி மாவுக்காவது ஆகும். மானக்குறைவு என்று ஒதுக்குகிற இளம் தம்பதிகளிடம் இதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

மீதித் தேவைக்கு, தை மாசியில் சம்பா அறுப்பு முடிந்ததும் வருஷத்து அரிசியை மொத்தமாக வாங்குவது டெல்டா வழக்கம். கடையில் 26 கிலோ சிப்பமாக வாங்குவதைவிட கிலோவுக்கு எட்டு ரூபாய் குறையும் என்றால், முந்நூறு கிலோவுக்கு 2,400 ரூபாய். வேப்பிலை போட்டு, ஈரம் படாமல் வைத்தால் நல்ல மிச்சம். ஆனால் அதற்குத் தையில் பன்னிரண்டாயிரம் பதின்மூவாயிரம் கையில் இருக்க வேண்டும். அதை மூன்று வட்டிக்கு வாங்கி, வருஷம் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்தால் வட்டியே இரண்டாயிரத்தைத் தாண்டும். அறுப்பில் கிடைத்த லாபம் வட்டிக்கடைக்குப் போய்விடும்.

இங்கேதான் இந்தக் கணக்கு முழுவதும் வந்து முட்டுகிறது. ஜூனில் பள்ளிக் கட்டணம், ஆடியில் சீர், நடுவே ஒரு ஆஸ்பத்திரிச் செலவு. கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போகிறது. ஐம்பதாயிரத்துக்கு இரண்டு வட்டி என்றால் மாதம் ஆயிரம், வருஷம் 12,000. அதே சங்கிலியை வங்கியில் வைத்தால், ஒன்பது சதவீதம் என்று கொண்டால், வருஷம் 4,500. வித்தியாசம் 7,500 ரூபாய். ஒரு நாள் காலை வங்கியில் உட்கார்ந்தால் கிடைக்கிற இந்தத் தொகைக்குச் சமமாக அடுப்படியில் எந்த வித்தையும் இல்லை. அடகுக் கடை ஐந்து நிமிடத்தில் பணம் தருகிறது, கேள்வி கேட்பதில்லை, வங்கியில் காத்திருக்க வேண்டும் என்பது உண்மை. அந்தக் காத்திருப்பு மணிக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் சம்பளம் தருகிறது என்று யாராவது சொல்ல வேண்டும். வாரத் தவணைக் குழுக் கடனும் இதே தராசில் ஏற வேண்டியதுதான்: இருபது சதவீதத்துக்கு மேல் வட்டி, செவ்வாய்க்கிழமை வந்தால் பக்கத்து வீட்டில் கைமாற்று. ஒரு குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் தவணைக்குப் போகக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் வரம்பு வைத்தது. பாதி என்பதே மிக அதிகம்.

நகைச்சீட்டைப் பலர் சேமிப்பு என்றே நம்புகிறார்கள். பதினொரு மாதம் கட்டினால் சேதாரம் தள்ளுபடி. பதினொன்று என்பதற்குக் காரணம் கடைக்காரரின் தாராளம் இல்லை. முன்பணத்துக்கு 365 நாளுக்குள் பொருள் தந்துவிட வேண்டும் என்ற 2014ஆம் ஆண்டு நிறுமச் சட்ட விதி. கட்டாயம் நகை வாங்கியே ஆக வேண்டிய கல்யாண வீட்டுக்கு இது ஆதாயம். மற்றவர்களுக்கு, திரும்ப விற்கும் நாளில் செய்கூலிக்கும் ஜிஎஸ்டிக்கும் யாரும் காசு தரமாட்டார்கள். வங்கி வைப்புக்கு ஐந்து லட்சம் வரை காப்பீடு உண்டு, நகைச்சீட்டுக்குக் கிடையாது. 2023இல் திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு நகைக்கடை மூடப்பட்டபோது, பணம் கட்டியவர்கள் ரசீதோடு காவல் நிலைய வாசலில் நின்றார்கள். தீபாவளிச் சீட்டுக்கும் இந்த அபாயம் குறையவில்லை. பெண் குழந்தை இருந்தால், 250 ரூபாயில் அஞ்சலகத்தில் தொடங்கும் செல்வமகள் திட்டம் 2024 தொடக்கம் முதல் 8.2 சதவீத வட்டி தருகிறது. நகைச்சீட்டுக்குப் போகும் பணத்தில் பாதி அங்கே போகலாம். முழுவதும் போகக் கூடாது, ஏனென்றால் அது அவசரத்துக்குக் கைக்கு வராது.

தீர்ப்பு இப்படி வருகிறது. அடகையும் வாரத் தவணையையும் வங்கிக்கு மாற்றுவது முதல் இடம். ரேஷன் அரிசியை விடாமல் வாங்குவது இரண்டாவது. ஃபேன், ஏசி, அடுப்புப் பழக்கம் மூன்றாவது. இவை ஒரு முறை செய்தால் போதும். மொத்த அரிசி கையில் காசுள்ளவர்களுக்கு மட்டும். பலகாரம், அணைத்து வைத்த ஃபிரிட்ஜ் இரண்டையும் பட்டியலிலிருந்தே எடுத்துவிடலாம். முதல் மூன்றில் மிஞ்சுவதை மாதம் ஆயிரமாக ஒரு சாதாரண சேமிப்புக் கணக்கில், மனைவி பெயரும் சேர்த்து, போட்டுக்கொண்டே வர வேண்டும். இந்த ஜூனில் தொடங்கினால் வரும் மே முடியும்போது பன்னிரண்டாயிரம் இருக்கும். அடுத்த ஜூனில் பள்ளிக் கட்டணத்துக்குச் சங்கிலியைக் கழற்ற வேண்டியிருக்காது.