மின்னூலகத் தேட்டமும் கொங்குத் தலச் சான்றுகளும்

தலவரலாறு எழுதப் புகுவார் இஞ்ஞான்று முதற்கண் நாடுவன மின்னூலகங்களே. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் நூற்பாடங்களைத் தட்டெழுதி வழங்குகின்றது. தமிழ் இணையக் கல்விக்கழகத்து மின்னூலகம் பழம்பதிப்புக்களைப் பக்கம் பக்கமாகப் படம்பிடித்து வைத்துளது. புதுச்சேரியிலுள்ள சைவச் சுவடித்தொகுதி 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. சேலம், நாமக்கல் நாட்டுப்புறத்து அன்பரொருவர் தம் இல்லத்திருந்தே இவற்றைக் காணலாம் என்பது பெரும்பேறேயாம். ஆயின், தேடி அகப்படாதது இல்லாதது என்று துணியும் வழக்கமொன்று இவற்றோடு உடன் வளர்ந்து வருகின்றது. எமது தடை அதன்மேலது.

கொல்லிமலை அறப்பளீசுவரர் திருக்கோயிலை எடுத்துக்கொள்வோம். அறப்பளீசுரம் என்று தேடுவார்க்கு முன்வந்து நிற்பது அம்பலவாணக் கவிராயரின் அறப்பளீசுர சதகம். அது பிற்கால நூல். தேவாரத்துள் அப்பெயர் அகப்படாமையின், தலத்தின் பெருமையும் பிற்காலத்ததே என முடிபு கூறிவிடுவர். திருமுறைப் பெயர் அறைப்பள்ளி என்பதறிந்து அவ்வாறே தேடினும் பயனில்லாது போதல் கூடும். ஆறாந் திருமுறையிலுள்ள க்ஷேத்திரக்கோவைத் திருத்தாண்டகத்துள் அப்பரடிகள் அதனைக் கொல்லிக் குளிரறைப்பள்ளி என்றன்றோ ஓதினார்! குளிர் என்பதன் ரகர மெய்மேல் அகரவுயிர் ஏறியவழி, அகரவெழுத்துத் தன் வடிவிழந்து மறைகின்றது. உயிரீறும் மெய்யீறும் புணருமாறு கற்ற மாணாக்கன் இதனை நொடியில் காண்பன். எழுத்தோடு எழுத்தை ஒப்பிடுதல் மாத்திரையே செய்யும் கணினி காணாது. சந்தி பிரித்த பாடத்தை உடன்வைத்த தொகுதிகளில் இவ்விடர் குறையும். ஆனால் பிரித்தது பதிப்பாசிரியரின் துணிபேயன்றி ஏட்டின் சொல் அன்று. புள்ளியின்றியும் எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடின்றியும் எழுதப்பெற்ற ஓலையைப் படித்தவர் எவ்வாறு கொண்டார் என்பதே நமக்கு அச்சில் வந்துளது. ஐயம் நேர்ந்துழி ஏட்டின் படத்தையே நோக்குதல் வேண்டும்.

திருச்செங்கோட்டின் செய்தி இன்னும் நுண்ணியது. இக்காலப் பெயரால் தேவாரத்தைத் தேடின் ஒன்றும் வாராது. கொடிமாடச்செங்குன்றூர் என்று தேடின் சம்பந்தர் பதிகம் கிடைக்கும். அத்தலத்தில் அடியார்களைப் பற்றிய குளிர்சுரம் நீங்கப் பிள்ளையார் அருளிய திருநீலகண்டப் பதிகமோ அவ்வழியிலும் கிடையாது. அதனுள் ஊர்ப்பெயர் இல்லை. திருமுறையில் அது பொதுவென வகுக்கப்பட்டுளது. அதனைச் செங்குன்றூரோடு இயைத்துக் காட்டுவது பன்னிரண்டாம் நூற்றாண்டிற் சேக்கிழார் பெருமான் வாக்கே. பதிகத்தின் அகச்சான்று ஒன்று. அப்பதிகம் பிறந்த இடம் கூறும் புராணச்சான்று பிறிதொன்று. நமக்கு இரண்டும் பிரமாணமே. எனினும் வரலாறு எழுதுவார் இன்னது இன்னதன்கண் உளதெனப் பிரித்துரையாது, பதிகமே கூறுகின்றதென எழுதுவது பிழை. அங்ஙனம் எழுதிய சிறு வெளியீடுகள் சிலவற்றை யாமே கண்டுளோம்.

கல்வெட்டுக்களில் இடர் வேறு வகைத்து. ஆங்கிலேயர் காலத்துத் தொடங்கிய கல்வெட்டு ஆண்டறிக்கைகள் அக்கால மாவட்ட முறையில் அடுக்கப்பட்டவை. நாமக்கல் தனி மாவட்டமானது 1997-இல். ஆகவே திருச்செங்கோட்டுச் செய்திகளை அவற்றுட் சேலத்தின்கீழ் நாடல் வேண்டும். அன்றியும் அவ்வறிக்கைகள் தருவன பெரும்பாலும் ஆங்கிலச் சுருக்கங்கள். கல்லின் வாசகம் அல்ல. சுருக்கத்தைக் கண்டு சாசனத்தைக் கண்டதாக எழுதுதல் தகாது.

அபாவத்தைத் தனியளவையாக நிறுத்தாது காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்கினார் அருணந்தி சிவனார். குடம் இல்லையென்று கூறுதற்கு, குடம் இருப்பின் தோன்றத்தக்க இடமும் ஒளியும் கண்ணும் முன்னர் வேண்டும். தேடுபெட்டியில் இட்ட சொல் வாராமை அத்தகைய காட்சியன்று. ஆதலின் மின்னூலகம் நடத்துவார் ஒவ்வொரு தலத்திற்கும் திருமுறைப் பெயர், வழக்குப் பெயர், பழைய மாவட்டப் பெயர் மூன்றையும் ஒருங்கே அட்டவணையிற் சேர்த்தல் நலம். கொங்குநாட்டுப் பாடல்பெற்ற தலங்கள் ஏழே ஆதலின், அவற்றினின்று தொடங்குதல் எளிது. அறைப்பள்ளி முதலிய வைப்புத்தலங்களை அதன்பின் எடுத்துக்கொள்ளலாம்.